மூன்று படமும் ஒரு ரூபாயும்

(நறுவிலிக்குளத்தில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் பேசியது)



சங்கக் கூட்டத்தில் என்ன சினிமாக் கதை என்று பின்வரிசையில் ஓர் ஐயா கேட்டுவிட்டார். லயத்திலும் சரி, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு மன்னார்ப் பக்கம் வந்து குடியேறிய வீடுகளிலும் சரி, இரவானால் ஒரு போனைச் சுற்றி நாலு தலை. அதனால்தான் பேசுகிறேன். ஓடிடியில் வந்த மூன்று படங்கள்.

முதலாவது 'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025இல் வந்தது. பொருளாதார நெருக்கடியில் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்குகிற இலங்கைக் குடும்பம். வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்று சசிகுமாரும் சிம்ரனும் படுகிற பாட்டில் நானும் வயிறு நோகச் சிரித்தேன். ஆனால் படத்தில் பொலிஸ்காரர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். 2022 மார்ச்சில் இருந்து இந்தக் கரையால் போனவர்களை மண்டபம் முகாமில் அல்லவா வைத்தார்கள்? அயலவர் நல்லவராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது படம். எனக்கு அது போதவில்லை.

இரண்டாவது, பிரசன்ன விதானகே எடுத்த 'பாரடைஸ்'. இது பதற வைக்கிற வகை. 2022 நெருக்கடி நேரம் மலைநாட்டுக்குச் சுற்றுலா வந்த இந்தியத் தம்பதியின் லேப்டொப்பும் போனும் களவு போகின்றன. பொலிஸ் யாரைப் பிடிக்கும்? தோட்டத்துத் தமிழர் மூன்று பேரை. அடையாளம் காட்டு என்று நெருக்க, அந்தக் கணவனும் காட்டிவிடுகிறான். ஒருவர் உயிர் போகிறது. துணிச்சலான படம். ஒரு குறை, செத்தவனின் வீட்டுக் கதையை நாம் அதில் அதிகம் பார்ப்பதில்லை. விடுதிப் பக்கம் நின்றுதான் எல்லாம் தெரிகிறது.

மூன்றாவதுக்காகத்தான் இவ்வளவும். மாரி செல்வராஜின் 'வாழை', 2024. தமிழ்நாட்டின் தென்கோடியில் விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் பையனின் கதை. பள்ளிக்கூடம் என்றால் அவனுக்கு உயிர், சுமை என்றால் கசப்பு. வேலை நாளில் வருகிற சின்னக் கழுத்து வலியையும் வயிற்று வலியையும் ஆசிரியர் நாங்கள் வகுப்பில் பார்த்திருக்கிறோம். தாருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டு அந்த ஊர்ச் சனம் ஒன்றாக நிற்கிறது. வியாபாரி கொடுக்கிறார். பிறகு ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தாரின் மேலேயே ஏறி வாருங்கள் என்கிறார். லொறி கவிழ்கிறது. இயக்குநரின் சிறுவயதில் உண்மையாக நடந்த விபத்து அது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது பல தோட்டங்களில் கொழுந்து நிறையைக் கூட்டினார்கள், குறைந்தால் அரைப்பேர் போட்டார்கள், வேலை நாளையும் சுருக்கினார்கள். 2024இல் 1,350 என்று வர்த்தமானி வந்ததும் நாம் வெடி கொளுத்தினோம். எத்தனை கிலோவுக்கு, மாதத்தில் எத்தனை நாளுக்கு என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நானும் அன்று கேட்கவில்லை.

அடுத்த சந்திப்பில் 'வாழை'யைச் சேர்ந்து பார்ப்போம், பெரிய திரை கட்டலாம். கடைசி அரை மணி நேரம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், யாராவது வெளியே கூட்டிப்போங்கள். வரும்போது போன வருசச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.