மண்புரவியும் எஃகுப்புரவியும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குதிரைக்கும் நீருக்கும் உள்ள உறவே இவ்வுரையின் பொருள். அவ்வுறவைக் கடல் கடந்த ஒரு நாடு எவ்வாறு போற்றியது, திண்டுக்கல் சமவெளி எவ்வாறு போற்றி வந்தது, இன்று அதில் எது குறைகிறது என்பவற்றை எண்ணிப் பார்ப்பது கவிஞர் கூடிய அவைக்குப் பொருந்துவதேயாகும்.

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே, ஃபால்கிர்க் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள ஹீலிக்ஸ் பூங்காவில், கால்வாய் ஓரமாக, இரண்டு குதிரைத் தலைகள் நிலத்தினின்றும் எழுந்து நிற்கின்றன. கழுத்தும் தலையும் மட்டுமே உண்டு, உடல் இல்லை. ஒன்று முகம் நிமிர்த்தி வானை நோக்குகிறது. மற்றொன்று தலை தாழ்த்தி நிற்கிறது. ஒவ்வொன்றும் 30 மீட்டர் உயரம். 300 டன்னுக்கு மேற்பட்ட எடை. எஃகுச் சட்டகத்தின் மேல் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைப் பொருத்திச் செய்தவை. தகடுகளுக்கு இடையே விடப்பட்ட இடைவெளிகளின் வழியே வானம் தெரியும். கிளாஸ்கோவைச் சேர்ந்த சிற்பி ஆண்டி ஸ்காட் உருவாக்கிய இவை 2013ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்று, 2014 ஏப்ரலில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பெற்றன. கெல்பிகள் என்பது இவற்றின் பெயர்.

கெல்பி என்பது அந்நாட்டார் கதைகளில் வரும் நீர்ப்பேய். ஆற்றங்கரையில் அழகிய குதிரையாக நிற்கும். ஆசையோடு ஏறியவரை முதுகிலேயே ஒட்டவைத்துக்கொண்டு ஆழத்துக்குள் இறங்கிவிடும். பிள்ளைகளை நீர்த்துறையிலிருந்து விலக்கிவைக்கத் தாய்மார் சொன்ன கதையாகவும் இதைக் கொள்வர். ஸ்காட்லாந்தின் மக்கள் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், 1786இல் வெளிவந்த தம் முதல் தொகுதியிலேயே கெல்பியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.

சிற்பி அந்தப் பேயை அப்படியே வடிக்கவில்லை. கிளைட்ஸ்டேல் இனத்தைச் சேர்ந்த உழைப்புக் குதிரைகள் இரண்டினை மாதிரியாகக் கொண்டார். டியூக், பேரன் என்பன அவற்றின் பெயர்கள். ஏர் உழுத, வண்டி இழுத்த, கால்வாய்க் கரையில் நடந்து படகை இழுத்த குதிரைகளுக்கு அச்சிலை நினைவுச் சின்னமாயிற்று. அச்சமூட்டிய கதையின் பெயர் உழைத்த உயிருக்குச் சூட்டப்பெற்றது.

அங்குச் சென்று காண்போர் உயரத்தைக் கண்டு வியந்து திரும்புவர். ஆயின், அவ்வுயரத்தினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1790இல் முழுமையாகத் திறக்கப்பெற்ற ஃபோர்த் - கிளைடு கால்வாய், 1963இல் மூடப்பட்டது. பல பத்தாண்டுகள் பாழ்பட்டுக் கிடந்த அக்கால்வாயைச் சீர்செய்து 2001இல் மீண்டும் திறந்தனர். கெல்பிகள் எழுந்தது அதன் பின்னரே. முதலில் கால்வாய் மீண்டது. பிறகு குதிரை வந்தது. இவ்வரிசையை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இனி நம் நிலத்துக்கு வருவோம். சிறுமலையின் அடிவாரம் தொடங்கிப் பரந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி வானம் பார்த்த பூமி. குடகனாறு மழைக்காலத்தில் ஓடும். மற்றை நாளில் மணலாய்க் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கிவைக்கக் குளங்களும் கண்மாய்களும் வெட்டிய முன்னோர், அவற்றின் கரைகளில் அய்யனாரை அமர்த்தினர். இரவில் அவர் ஏறிக் காவல் சுற்றக் குதிரைகளையும் செய்து வைத்தனர். ஸ்காட்லாந்தின் குதிரை மனிதரை நீருக்குள் இழுத்துச் செல்வது. நம் குதிரை மனிதருக்காக நீரைக் காப்பது.

திண்டுக்கல்லிலிருந்து கிழக்கே நத்தம் பக்கமும், அதற்கப்பால் சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளிலும் புரவி எடுப்பு விழா நடைபெறுகிறது. ஊரார் கூடி வேளாரிடம் பிடிமண் கொடுப்பர். அந்த ஒரு பிடி மண்ணே உத்தரவு. வேளார் களிமண்ணோடு மணலும் உமியும் பிசைந்து, முதலில் நான்கு கால்களை நிறுத்தி, மேலே வயிறும் கழுத்தும் தலையும் வளர்த்துச் சூளையிட்டு, வண்ணம் தீட்டிக் கண் திறப்பார். விழாநாளில் புரவிகள் தோளேறி ஊர்வலமாய்க் கோயில் சேரும். பழைய புரவிகள் வெயிலிலும் மழையிலும் கரைந்து மண்ணோடு மண்ணாகும். அதற்காக எவரும் வருந்துவதில்லை. அடுத்த விழாவுக்குப் புதியன வரும்.

பேருருவம் நம்மிடம் இல்லாமலும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரையில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னர் 33 அடி உயரக் குதிரை பாய்ந்து நிற்கிறது. மாசிமகத்தன்று அதன் கழுத்து முதல் கால் வரை காகிதப்பூ மாலைகள் தொங்கும். கெல்பியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அது. எனினும் மாலை சாத்த வரும் மக்களுக்கு அது காட்சிப்பொருள் அன்று. நேர்ந்துகொண்டதைச் செலுத்தும் இடம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மண்புரவி நின்ற இடங்கள் பலவற்றில் இன்று சிமெண்டுக் குதிரைகள் நிற்கின்றன. அவை உடையா; ஆகவே மீண்டும் செய்யவேண்டியதில்லை. மீண்டும் செய்யாத ஊரில் வேளாருக்கு வேலையில்லை. வேளாரின் பிள்ளைக்கு அக்கைப்பழக்கம் வாய்ப்பதில்லை. குதிரைக்கு மண் எடுத்ததனால் குளமும் சிறிது ஆழப்பட்டது. அந்தத் தொடர்பும் அறுந்தது. வண்டல் மேடிட்டு, கருவேலம் மண்டி, வரத்துக்கால் அடைபட்ட குளத்தின் கரையில், பளபளக்கும் வண்ணத்தோடு ஒரு குதிரை நிற்குமாயின், அது எதனைக் காக்கிறது? ஃபால்கிர்க்கில் நீர் மீண்ட பின் குதிரை எழுந்தது. இங்கே குதிரை நிலைத்துவிட்டது, நீர் போய்விட்டது.

உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் ஏரி குளங்களில் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என 2024இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. மண் கிடைக்க வழி பிறந்திருக்கிறது. கை கிடைக்கவேண்டும், அதனை மதிக்கும் ஊரும் கிடைக்கவேண்டும்.

இதில் கவிஞருக்குரிய பணி என்ன? புரவி என்பதை வெறும் படிமமாக எடுத்தாள்வது எளிது. மடை, கலுங்கு, வரத்துக்கால், உள்வாய், பிடிமண் என்னும் சொற்கள் எந்த வாயில் இன்னும் உயிரோடிருக்கின்றனவோ, அந்த வாயைத் தேடிச் சென்று கேட்டு எழுதிவைப்பது கடினம். பர்ன்ஸ் தம் ஊரார் பேச்சில் கேட்ட பெயரைப் பாட்டில் வைத்தார். இருநூறு ஆண்டு கழித்து ஒரு சிற்பிக்கு அது கிடைத்தது. இன்று எழுதிவைக்காத சொல் நாளை எந்தச் சிற்பிக்கும் கிடைக்காது.

பத்தாண்டு நிறைந்த வட்டம் தனக்கொரு நினைவுச் சின்னம் எழுப்ப எண்ணுதல் இயல்பு. வேளாரின் முறையோ வேறு. சென்ற விழாவின் புரவியைக் கரையவிட்டுவிட்டு, அவர் அடுத்த பிடிமண்ணுக்குக் கை நீட்டுகிறார். வட்டத்தின் பதினோராம் ஆண்டு அவ்வாறு தொடங்குவதாக.