தெரியும் ஆழமும் இருக்கும் ஆழமும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஒளிவிலகல் பாடத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கிண்ணத்தில் நாணயத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். மறைந்திருந்த நாணயம் மேலெழுந்து தெரியும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு கரும்பலகையில் வரையறை, படம், இரண்டு மதிப்பெண் வினா. அத்துடன் பாடம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை என்று எனக்குக் காட்டியவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர்.

முதலாவது ஒரு மாணவி. "அடர்குறை ஊடகத்திலிருந்து அடர்மிகு ஊடகத்திற்குச் செல்லும் ஒளிக்கதிர் செங்குத்துக் கோட்டை நோக்கி விலகும்" என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். அவள் எழுந்து, "டீச்சர், எண்ணெய் தண்ணியில மிதக்குதே, அப்ப எண்ணெய்க்கு அடர்த்தி கம்மிதானே? தண்ணியில இருந்து எண்ணெய்க்குள்ள போற ஒளி அந்தக் கோட்டை விட்டு விலகிப் போகுமா?" என்றாள். நானும் யோசிக்காமல் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. சமையல் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.47. மிதக்கிற எண்ணெய்தான் ஒளிக்கு அடர்மிகு ஊடகம்! மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு" என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினேன்.

நண்பர்களே, 'அடர்' என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் எடையையும் கன அளவையும் நினைக்கிறார்கள். நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். இங்கே பார்க்க வேண்டியது ஒளியின் வேகம். வெற்றிடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தண்ணீரில் அது சுமார் 2.25 லட்சம், சாதாரணக் கண்ணாடியில் சுமார் 2 லட்சம். எதில் ஒளி மெதுவாகப் போகிறதோ அதுவே அடர்மிகு ஊடகம்.

சரி, வேகம் குறைந்தால் பாதை ஏன் திரும்ப வேண்டும்? இதற்கு விளையாட்டுத் திடல் போதும். சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போடுங்கள். ஆறு பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக நிறுத்தி, கோட்டை நோக்கிச் சாய்வாக நடக்கச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டியவர் மட்டும் பாதி அடி எடுத்து வைக்க வேண்டும். முதலில் தாண்டிய பிள்ளை மெதுவாகிவிடும். மறுமுனையில் உள்ள பிள்ளை பழைய வேகத்தில் வரும். வரிசை தானாகவே திரும்பும். நேராகக் கோட்டைக் கடந்தாலோ எல்லாரும் ஒன்றாக மெதுவாவார்கள், வரிசை திரும்பாது. செங்குத்தாக விழும் கதிர் ஏன் வளைவதில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

வேகம் மாறாவிட்டால் விலகலும் இல்லை. போரோசிலிகேட் கண்ணாடியால் ஆன சோதனைக்குழாயைச் சமையல் எண்ணெய்க்குள் இறக்கி, குழாய்க்குள்ளும் எண்ணெயை நிரப்புங்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மூழ்கிய பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இரண்டாவது ஒரு மாணவன். நாணயச் சோதனை முடிந்ததும், "டீச்சர், எங்க கிணத்துலயும் இப்படித்தான். தண்ணிக்குள்ள படி பக்கத்துல தெரிஞ்சுச்சு. காலை வெச்சேன், எட்டல. உள்ள போயிட்டேன். அண்ணன்தான் முடியப் புடிச்சுத் தூக்குனான்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் 'தோற்ற ஆழம்' என்று எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். தண்ணீரில் இறங்கும் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

நீரின் அடியிலிருந்து வரும் ஒளி, காற்றுக்குள் நுழையும்போது செங்குத்துக் கோட்டை விட்டு விலகுகிறது. நம் கண்ணோ ஒளி நேர்க்கோட்டில் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் அடித்தளம் உயர்ந்து தெரிகிறது. நேர் மேலிருந்து பார்த்தால், உண்மை ஆழத்தை ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே தோற்ற ஆழம். அதாவது நான்கில் மூன்று பங்கு. 5 அடி 4 அங்குல நீர் 4 அடியாகத் தெரியும். கழுத்தளவுதான் என்று நம்பி இறங்கும் பிள்ளைக்கு அது தலைக்கு மேலே! கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் ஆழம் குறைந்தே தெரியும்.

இப்போது என் வகுப்பில் ஒரு வாளியில் 24 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புகிறேன். மேலிருந்து பார்த்து, அடிப்பாகம் எந்த மட்டத்தில் தெரிகிறதோ அங்கே வாளியின் வெளிப்புறத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்கிறேன். கணக்குப்படி கோடு நீர்மட்டத்திலிருந்து 18 சென்டிமீட்டரில் விழ வேண்டும். எல்லாருக்கும் சரியாக அங்கே விழுவதில்லை. ஆனால் இதுவரை ஒரு பிள்ளையும் 24-இல் கோடு போட்டதில்லை. பிறகு குச்சியை விட்டு அளக்கிறார்கள். கண் சொன்னதும் குச்சி சொன்னதும் வேறு வேறு என்பதைத் தாங்களே காண்கிறார்கள்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். சூத்திரம் வேண்டாம், வாளியும் குச்சியும் போதும். "தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் அளக்காதே. நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் இறங்காதே." இந்த இரண்டையும் பிள்ளைகள் சொல்லிப் பழகட்டும். கோடை விடுமுறை விடுவதற்கு முன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கிணறு, ஏரி, கல்குவாரிக் குட்டை என்று பிள்ளைகள் போகும் காலம் அது.

அந்த மாணவன் தேர்வில் ஒளிவிலகலுக்கு வரையறையைச் சரியாக எழுதவில்லை. "தண்ணி ஆழத்தக் கம்மியாக் காட்டும்" என்று எழுதியிருந்தான். மதிப்பெண் போட்டேன்.