பிளம்பர் தந்த எஸ்டிமேட்டை ஏற்கலாமா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழாய் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் எஸ்டிமேட் காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் செயலாளர் இந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து, "சார், நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் ஜி.ஐ. குழாய் கசிகிறது. தரைத்தளத்தில் இருக்கும் பெரியவரின் படுக்கையறைச் சுவர் பூசணம் பிடித்துக் கிடக்கிறது. கீழே சேலத்தில் என்றால் இரண்டு நாள் வெயிலில் சுவர் காய்ந்துவிடும். ஏற்காட்டில் மூடுபனி விலகவே பத்து மணி ஆகிறது. நனைந்த சுவர் நனைந்தபடியே நிற்கிறது. அவருக்கு இருமல் நிற்கவில்லை. குழாயை முழுவதும் மாற்ற பிளம்பர் 74,000 ரூபாய் கேட்கிறார். "இந்தத் தடவையும் ஒட்டுப் போட்டுவிடலாம்" என்கிறார்கள் பாதிப் பேர். "மாற்றியே ஆக வேண்டும்" என்கிறார்கள் மீதிப் பேர்.

முதல் கேள்வி, கசிவது இந்தக் குழாய்தானா? நம் மலையில் இரண்டு பருவமழையும் உண்டு. மழைநீர் சுவர் வழியாக இறங்கினாலும் இதே ஈரம்தான் தெரியும். அதனால் ஓர் இரவு முழுவதும் இந்த இறங்குகுழாயின் வால்வை மூடி வைத்தோம். காலையில் சொட்டு நின்றிருந்தது. வால்வைத் திறந்ததும் மறுபடி ஆரம்பித்தது. ஆக, குழாய்தான். பிறகு சொட்டும் இடத்தில் பத்து லிட்டர் வாளியை வைத்தோம். 40 நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 15 லிட்டர், நாளைக்கு 360 லிட்டர், மாதத்துக்கு 10,800 லிட்டர். பெரிய டேங்கர் லாரி ஒன்றில் 12,000 லிட்டர் பிடிக்கும். ஏறக்குறைய மாதம் ஒரு லாரித் தண்ணீரை மோட்டார் போட்டு மேலே ஏற்றி, சுவருக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, ஒட்டா, மாற்றமா? நம் செலவுப் பதிவேட்டைப் புரட்டினேன். கடந்த 16 மாதத்தில் இதே குழாய்க்கு நான்கு முறை ஒட்டுப் போட்டிருக்கிறோம். மொத்தம் 14,200 ரூபாய். நான்கும் வெவ்வேறு இடம். இதற்குக் காரணம் இருக்கிறது. ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகப் பூச்சு பூசிய இரும்பு. பூச்சு தேய்ந்ததும் உள்ளிருந்து துரு பிடிக்கும். மரை வெட்டிய இடத்தில் இரும்பு மெலிந்திருப்பதால் இணைப்புகள் முதலில் கசியும். ஒன்றை அடைத்தால் அதே வயதுள்ள அடுத்த இணைப்பு காத்துக்கொண்டிருக்கிறது. கணக்கியலில் பழுதுபார்ப்பை வருவாய்ச் செலவு என்றும், பல ஆண்டு பயன் தருவதை மூலதனச் செலவு என்றும் எழுதுவோம். நாம் வருவாய்ச் செலவை ஆண்டுதோறும் எழுதிக்கொண்டே போகிறோம். குழாய் மட்டும் பழையதாகவே இருக்கிறது.

மூன்றாவது, இந்த 74,000 நியாயமா? முதலில் வந்த காகிதத்தில் ஒரே வரிதான் இருந்தது: "பைப் மாற்றும் வேலை, 74,000." அதைத் திருப்பிக் கொடுத்து, பிரித்து எழுதித் தரச் சொன்னோம். அவரும் முகம் சுளிக்காமல் எழுதித் தந்தார். பொருள் 31,000, கூலி 24,000, சுவர் உடைத்துப் பூசுவது 12,000, சேலத்திலிருந்து வண்டி வாடகை 3,000, இதர செலவு 4,000.

"இதர" என்ற சொல்லைப் பார்த்தால் வங்கிக்காரனுக்குக் கை துறுதுறுக்கும். கேட்டேன். அழுத்தச் சோதனைப் பம்ப் வாடகையும், வேலை நடக்கும் நாட்களில் வீடுகளுக்குத் தற்காலிக ஓஸ் இழுப்பதும் என்றார். இரண்டும் தேவையானவை, பெயர் போட்டு எழுதச் சொன்னோம், அவ்வளவுதான். அடுத்து, பொருள் பட்டியலில் மூன்று மீட்டர் நீளக் குழாய் 14 என்று இருந்தது. நாங்கள் டேப் வைத்து அளந்ததில் 33 மீட்டர். வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 36 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 13 குழாய் போதும். ஒரே ஒரு குழாய்தான் அதிகம். ஆள் அளந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று எனக்கு அதிலிருந்து தெரிந்தது.

பொருளின் தரமும் எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே வருஷம் பூராவும் கீசர் ஓடுகிறது. வெந்நீர்க் கிளைக்கு யு.பி.வி.சி. தாங்காது, சி.பி.வி.சி. வேண்டும். குழாய் மேல் ஐ.எஸ். 15778 என்று அச்சிட்டிருக்க வேண்டும். எஸ்.டி.ஆர். 11, 13.5 என்று இரண்டு வகை வரும். எண் சிறியதானால் சுவர் தடிமன் அதிகம். எஸ்டிமேட்டில் 11 என்று எழுதி வாங்கியாயிற்று. வெயில் படும் இடத்தில் இந்தக் குழாய்க்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், அதையும் சேர்த்திருக்கிறோம்.

சேலத்திலிருந்து ஒருவர் 61,000 ரூபாய்க்கு எழுதித் தந்திருக்கிறார். 13,000 குறைவு. ஆனால் அதில் சுவர் பூச்சு இல்லை, வண்டி வாடகை இல்லை. அந்த 12,000-மும் 3,000-மும் கூட்டினால் 76,000. அதோடு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு இணைப்பு விட்டுப்போனால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி யார் வருவார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூலியை 24,000-லிருந்து 18,000 ஆக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மூன்று ஆள், ஆறு நாள் வேலை. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,333 ரூபாய் வருகிறது. பூச்சு வேலை தனிக் கணக்கு. அளவிலும் தரத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேட்போம். கூலியைக் குறைத்தால் வேலையும் ஆறு நாளிலிருந்து நாலு நாளாகக் குறையும். ஈரம் காயாமலே சுவரைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள்.

நான்காவது, பணம் கொடுக்கும் முறை. வீட்டுக் கடனை வங்கி ஒரே தவணையில் கொடுப்பதில்லை. கட்டடம் எழும்ப எழும்பக் கொடுக்கும். அதேபோல, பொருளுக்கான பணத்தைக் கடைக்கே நேராகச் செலுத்தி, சங்கத்தின் பெயரில் பில் வாங்கலாம். கூலியில் பாதியைக் குழாய் பொருத்தியதும் கொடுக்கலாம். மீதியில் 5,000 ரூபாயை நிறுத்திவைத்து, ஒரு மாதம் கசிவில்லை என்று பார்த்த பின் தரலாம். இதற்கும் அவர் ஒப்புக்கொண்டார். அவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர் அல்ல. ஆகவே கூலிக்கு மேல் வரி என்று எதுவும் போடவில்லை, போடவும் கூடாது.

சோதனையில் ஒரு கவனம் தேவை. இந்தக் குழாய்களைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். குளிரிலும் ஈரக்காற்றிலும் அந்தப் பசை இறுக நேரம் கூடுதலாக எடுக்கும். அதனால் ஒட்டிய அன்றே தண்ணீரைத் திறக்க வேண்டாம். மறுநாள் அழுத்தம் ஏற்றிப் பார்த்து, எல்லா இணைப்பும் உலர்ந்திருந்தால்தான் சுவரை மூட வேண்டும். அந்த ஒரு நாள் எல்லோரும் வாளித் தண்ணீரில் சமாளிக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, "என் வீட்டில் கசியவில்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்வி. கேட்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு 3,000 ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனால் இது பொதுக்குழாய். கிளை பிரிந்து வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அது அவரவர் செலவு. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும், பொதுப் பகுதிச் செலவை உரிமையாளர்கள் அனைவரும் பங்கின்படி ஏற்பதையே அடிப்படையாகக் கொண்டது. 24 வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் சுமார் 3,083 ரூபாய். பங்கின்படி சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். ஒரே தடவையில் முடியாதவர்கள் மூன்று தவணையில் கட்டலாம் என்று செயற்குழு சொல்லியிருக்கிறது. இது உரிமையாளர் கட்ட வேண்டிய தொகை. வாடகைக்கு இருப்பவர்கள் தலையில் வைக்க வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை: ஒரு குழாயைக் குறைத்து, நான் சொன்ன நிபந்தனைகளோடு இந்த எஸ்டிமேட்டை ஏற்கலாம். மார்ச்சிலேயே தொடங்க வேண்டும். மே மாதம் கோடை விழா வந்துவிட்டால் லாட்ஜ் வேலைக்கே ஆள் போதாது. நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரியவரின் அறைச் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சங்கச் செலவிலேயே பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். பதிவேடும் இரண்டு எஸ்டிமேட்டும் மேசை மேல் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.