மறதிக்கு மருந்து தந்த செடிகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் மருந்தியல் படிப்பிக்கிறனீங்கள்தானே, மறதி நோய்க்கு மூலிகை மருந்து இருக்கோ என்று கொஞ்சம் பேசுங்கோ, இப்ப எல்லார் வீட்டிலும் இதுதான் கதை" என்றார். உண்மைதான். முன்பெல்லாம் எமது வகுப்புப் பிள்ளைகள் (இன்னும் பிள்ளைகள் என்றுதான் எங்களை நினைத்துக்கொள்கிறோம்) சந்தித்தால் மகனின் பரீட்சைப் பெறுபேறு பற்றிக் கதைப்போம். இப்போது அம்மா அடுப்பை நிறுத்த மறந்ததைப் பற்றியும், மாமி ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்பதைப் பற்றியும் கதைக்கிறோம். கடைசியில் யாராவது ஒருத்தி கேட்பாள்: "இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகையில் ஏதும் இருக்கோ?"

மறதி நோய்க்கு வைத்தியர்கள் எழுதித் தரும் இங்கிலீஷ் மருந்துகளில் ஒன்று பூச்செடிக் கிழங்கிலிருந்து வந்தது. இன்னொன்று நச்சு விதை ஒன்றின் இரசாயன அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்டது. அந்த இரண்டின் கதையையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் சிறிது உடற்றொழிலியல். நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் பதார்த்தங்களில் ஒன்று அசற்றைல்கோலின். வேலை முடிந்ததும் ஒரு நொதியம் வந்து அதைச் சிதைத்துவிடும். அல்சைமர் நோயில் அசற்றைல்கோலினைச் செய்யும் மூளைக் கலங்கள் அழிந்து போகின்றன என்பது 1970களில் தெரியவந்தது. மிஞ்சியிருப்பதையாவது காப்பாற்ற, அந்த நொதியத்தைத் தடுக்கிறோம். கோடையில் வற்றும் கிணற்றில் இறைப்பைக் குறைப்பது போன்ற வேலை. தண்ணீர் இன்னும் சில காலம் இருக்கும், ஆனால் ஊற்று திரும்பி வராது. இந்த மருந்துகளால் பலருக்கு ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. நோயை நிறுத்தும் வல்லமை அவற்றுக்கு இல்லை.

முதலில் அந்த நச்சு விதை. நைஜீரியாவின் தென்கிழக்கில் கலபார் என்ற இடத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஓர் அவரை விதையைக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. எடின்பரோ பேராசிரியர் றொபேட் கிறிஸ்ரிசன் 1855இல் அந்த விதையில் கொஞ்சத்தைத் தானே தின்று பார்த்தார். நிலைமை மோசமானதும் முகம் மழித்த சவர்க்காரத் தண்ணீரைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார். (மாணவிகளே, இது நீங்கள் பின்பற்ற வேண்டிய ஆய்வுமுறை அல்ல!) 1864இல் அதிலுள்ள நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டு பைசொஸ்ரிக்மின் எனப் பெயர் பெற்றது.

இங்கே இரண்டு பெண்களைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. முதலாமவர் மேரி வோக்கர், ஸ்கொட்லாந்துக்காரி. லண்டன் கிறீனிச்சில் ஒரு சாதாரண வைத்தியசாலையில் வேலை செய்தவர். கண்ணிமை தூங்கி, தசைகள் சோர்ந்து போகும் மயஸ்தீனியா என்ற நோய்க்கு இந்த விதையின் சத்தை ஊசியாகக் கொடுத்து, நோயாளி தெம்பு பெறுவதை 1934இல் உலகுக்குக் காட்டினார். மற்றவர் மார்த்தா வைன்ஸ்ரொக், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக மருந்தியலாளர். பைசொஸ்ரிக்மின் உடலில் நீடித்து நிற்காது, குமட்டலும் அதிகம். அதன் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு அவர் உருவாக்கிய மருந்துதான் ரிவாஸ்ரிக்மின். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது அல்சைமர் நோய்க்கு அனுமதி பெற்றது. இப்போது தோலில் ஒட்டும் வடிவிலும் வருகிறது. குளிசை விழுங்க மறுக்கும் அம்மாமாருக்கு அது பெரிய உதவி.

இரண்டாவது, பனிக்காலம் முடியுமுன் பூக்கும் சினோட்றொப் என்ற சிறு வெள்ளைப் பூ. எங்கள் ஊரில் வளராது. லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் பழைய மாணவிகள் கண்டிருப்பீர்கள். அதிலுள்ள கலன்ரமின் என்ற பதார்த்தத்தை 1950களில் சோவியத், பல்கேரிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பல்கேரியாவில் டிமிற்றர் பாஸ்கோவ் குழுவினர் அதை மருந்தாக்கி, போலியோவால் தளர்ந்த தசைகளுக்கும் நரம்பு நோய்களுக்கும் கொடுத்தார்கள். மூளை மறதிக்கு அது பயன்படலாம் என்ற எண்ணம் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. 2001இல் அமெரிக்காவிலும் அது அனுமதி பெற்றது. வேல்ஸ் நாட்டு மலைப்பகுதிகளில் இதற்காகவே டஃபடில் பூச்செடி பயிரிடுகிறார்கள், அதிலும் கலன்ரமின் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கலன்ரமின் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மில்லிகிராம் வரைதான், அதுவும் மெதுமெதுவாகக் கூட்டித்தான் கொடுக்கப்படும். வெங்காயம் என்று நினைத்து டஃபடில் கிழங்கைச் சமைத்துத் தின்றவர்கள் வாந்தியும் வயிற்றுவலியுமாக வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார்கள். ஒரே செடியில் மருந்தும் இருக்கும், நஞ்சும் இருக்கும். பிரித்து, சுத்திகரித்து, நிறுத்துக் கொடுத்த பிறகுதான் அது குளிசை.

சரி, வல்லாரைக்கு வருவோம். அதற்காகத்தானே இருக்கிறீர்கள்! பரீட்சைக் காலத்தில் வல்லாரைச் சம்பல் சாப்பிடாமல் இந்தக் கல்லூரியில் யார் படித்தோம்? அதில் ஏசியாற்றிகோசைட் போன்ற பதார்த்தங்கள் உண்டு. ஆய்வுகூடத்தில் எலிகளிலும் நரம்புக் கலங்களிலும் நம்பிக்கை தரும் விளைவுகள் வந்திருக்கின்றன. மறதி நோயுள்ள மனிதரில் அது நோயைத் தடுத்தது என்று காட்டும் பெரிய ஆய்வு இன்னும் இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. 'பிராமி' என்ற பெயரை இந்தியாவில் சில இடங்களில் வல்லாரைக்கும், வேறு இடங்களில் நீர்ப்பிரமிக்கும் சொல்கிறார்கள். நீர்ப்பிரமி என்பது சிங்களத்தில் லுணுவில. இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். போத்தலில் பிராமி என்றிருந்தால் உள்ளே எது என்று கேளுங்கள். நீர்ப்பிரமியை ஆரோக்கியமானவர்கள் மூன்று மாதமளவில் எடுத்தபோது ஞாபகப் பரீட்சைகளில் சிறு முன்னேற்றம் கண்ட ஆய்வுகள் உண்டு. ஆரோக்கியமானவர்கள் என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள்.

ஜிங்கோ இலைச் சத்தைப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார்கள். அதற்கு நல்ல ஆய்வே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலுமான 3069 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு ஜிங்கோ 120 மில்லிகிராம் நாளுக்கு இரு தடவை, மற்றதற்கு வெற்றுக் குளிசை என ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கொடுத்தார்கள். 2008இல் முடிவு வந்தது. வெற்றுக் குளிசைக் குழுவில் 246 பேருக்கும் ஜிங்கோக் குழுவில் 277 பேருக்கும் மறதி நோய் வந்திருந்தது. பயனில்லை. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர்களுக்கு ஜிங்கோவால் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு. மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். அதன் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவதே மிகக் குறைவு. கறிக்குப் போடுங்கள்.

என் கவலை செடிகளைப் பற்றியதல்ல, போகிற மாதங்களைப் பற்றியது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அம்மாவுக்கு எட்டு மாதம் ஞாபகசக்திப் பாணி கொடுத்தார்கள். கடைசியில் இரத்தம் சோதித்தபோது தைரொயிட் சுரப்பு குறைவு என்று தெரிந்தது. மலிவான குளிசையொன்றில் அவர் தெளிந்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, விழுந்தபின் மண்டையோட்டுக்குள் தேங்கிய இரத்தம் என்பனவும் மறதி போலவே தோற்றமளிக்கும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு, காலம் தாழ்த்தினால்தான் கெடுதல்.

கடைசியாக இன்னொரு செடி, ஊமத்தை. தின்றவர் பிதற்றுவார் என்று எங்கள் அம்மம்மாமாருக்கும் தெரியும். அதிலுள்ள அத்ரோபின், அசற்றைல்கோலினின் வேலையை மறிக்கிறது, கலன்ரமினுக்கு நேர் எதிர். தடிமனுக்கும் கடிக்கும் நாங்கள் கேளாமலே வாங்கும் பிரிற்றன் குளிசைக்கும், நித்திரைக்கென்று கொடுக்கப்படும் அமிற்றிப்றிலினுக்கும் அதே குணம் ஓரளவு உண்டு. வயோதிபரின் மறதி இவற்றால் கூடலாம். ஒரு பக்கம் மறதிக்குக் குளிசையும் மறுபக்கம் பிரிற்றனும் கொடுக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். வைத்தியர் தந்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிச் செல்லும்போது, வீட்டிலுள்ள எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பாமசியில் வாங்கியது, ஆயுர்வேதக் கடையில் வாங்கியது, ரொறன்ரோவிலிருந்து மகள் அனுப்பியது, எல்லாம். வைத்தியர் கேட்காவிட்டாலும் மேசையில் வையுங்கள். வல்லாரைச் சம்பலை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.

கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் கேளுங்கள்.