பெயர் வாசிக்கப்படும் வகுப்பறை

 

"நம்ம பிள்ளைங்க கெட்டிக்காரங்கதான், தன்னம்பிக்கைதான் இல்லை." படித்து வேலைக்குப் போன நம் ஆட்களே மேடைகளில் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. இன்றைய என் பேச்சு இந்த வாக்கியத்தோடு ஒரு சண்டை.

கல்வியியல் மாணவர்கள் இதைத் 'தற்கருத்து' என்று படித்திருப்பீர்கள். ஒரு பிள்ளை தன்னைப் பற்றி நினைப்பதற்கும் அது வாங்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது. 'நான் உயர்ந்தவன்' என்ற பொதுவான சுயமதிப்பு மார்க்கைப் பெரிதாக உயர்த்துவதில்லை. 'எனக்குக் கணக்கு வரும்' என்ற குறிப்பான நினைப்புக்குத்தான் கணக்கு மார்க்கோடு தொடர்பு. அதுவும் இருவழிப் பாதை: மார்க் வந்தால் நினைப்பு வளரும், நினைப்பு வளர்ந்தால் அடுத்த மார்க் கொஞ்சம் கூடும். ஒன்பதாம் வகுப்பில் பின்னம் புரியாமல் நிற்பவனிடம் 'உன்னால் முடியும்' என்று மைக்கில் கத்தி என்ன பயன்? அவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்திய சோதனையை 2004இல் வெளியிட்டார்கள். ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்கள். மேல்சாதியினர் 321 பேர், தாழ்த்தப்பட்டோர் 321 பேர். தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள், தீர்த்தால் காசு. சாதி பேசப்படாத குழுக்களில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. வேறு குழுக்களில், புதிரைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். அங்கே நம் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அதே வயது, அதே புதிர்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. யாருக்குக் காசு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும் என்று ஆக்கியபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. சிறுவன் தன் மூளையைச் சந்தேகப்பட்டிருந்தால் குலுக்கல் எதை மாற்றியிருக்கும்? அவன் சந்தேகப்பட்டது எதிரே இருந்த மனிதரின் தீர்ப்பை. நாம் அதற்குத் 'தாழ்வு மனப்பான்மை' என்று பெயர் வைத்தோம். நான் அதை அனுபவ அறிவு என்பேன். சாத்தாராவில் சாக்குத்துணி விரித்துத் தனியே உட்கார்ந்த, பியூன் ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்த சிறுவன் பீமாராவுக்கும் அந்த அறிவு இருந்தது.

சந்தேகம் வெறும் கற்பனையா? ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும் விடைத்தாள்களின் முகப்பில் சாதியைச் சமவாய்ப்பு முறையில் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 'கீழ்ச்சாதி' என்றிருந்த தாளுக்கு மார்க் சற்றுக் குறைந்தது. அளவு சிறியதுதான். ஆனால் குறைத்தவர்கள் பெரும்பாலும் கீழ்ச்சாதி ஆசிரியர்களே. இது நமக்குக் கசக்கும். இந்த அரங்கில் ஆசிரியர்கள் பலர் இருப்பதால்தான் சொல்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். உதவித்தொகைப் படிவம் வந்ததும் "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பில் சொல்வது இன்னும் நடக்கிறது. பத்து நிமிடம் கழித்து அதே வகுப்பில் இயற்பியல் தேர்வு. உத்தரப் பிரதேசத்தில் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்து பார்த்ததை நாம் தினசரி இலவசமாகச் செய்கிறோம்! நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும், சாதிக் கயிறு கூடாது என்றது. 'கயிற்றில் என்ன இருக்கிறது' என்று கேட்டவர்கள் உண்டு. புதிர்ச் சோதனையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

"அப்படியானால் சாதியை மறைக்கச் சொல்கிறீர்களா? நாமோ 'தலித்' என்று உரக்கச் சொல்லி எழுதி வளர்ந்தவர்கள்" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் என் பெயரைச் சொல்வது வேறு. அதிகாரத்தில் இருப்பவர் தேர்வுக்கு முன் என்னை எழுப்பி நிறுத்திச் சொல்வது வேறு. முதலாவதைக் கற்றுத்தர மாலைப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அங்கே அம்பேத்கரும் வேண்டும், அல்ஜீப்ராவும் வேண்டும். அல்ஜீப்ராவுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இரண்டாவதை நிறுத்த, உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், உதவித்தொகை விவரத்தைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துத் தனித்தனியே வாங்கும்படி கேட்டு, அதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். அடுத்த கல்வியாண்டுப் படிவம் வருவதற்கு முன்பே.