பாறையில பேர் எழுதினவன்

ஆரணியில எங்க வீட்டுத் தறி ஒரு குழித்தறி. வெயில் விழாத மூலையிலதான் இருக்கும். "காத்து காஞ்சா இழை அறுந்துடும்டா, மண்ணு ஈரம்தான் பட்டைக் காப்பாத்துது"ன்னு அப்பா சொல்லுவார்.

போன மாசம் சித்தப்பா பையனோட ஜவ்வாது மலை பீமன் நீர்வீழ்ச்சிக்குப் போனப்போ இது ஞாபகம் வந்தது. அருவிக்குப் பக்கத்துல வெயிலே படாத ஒரு பாறைச் சுவர். மழை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு, ஆனா சுவர் ஈரமாவே இருக்கு. மேல மண்ணு குடிச்ச மழைத்தண்ணி விரிசல் வழியா மெதுவா கசியுது. நிழல்ல அது சீக்கிரம் காயறதில்லை.

அங்க முதல்ல வர்றது பாசி. அதுக்கு உண்மையான வேர் கிடையாது. இலை வழியாவே தண்ணி குடிக்கும். அந்த இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம்தான். பாசி பிடிச்சு வைக்கிற தூசியிலதான் பெரணி முளைக்குது. கறுப்புக் காம்போட அழகா தொங்குமே, அடியாண்டம், அதுவும் ஒரு பெரணிதான். கிரேக்க மொழியில அந்தப் பேருக்கு 'நனையாதது'ன்னு அர்த்தம். அதோட இலையில தண்ணி ஒட்டாம உருண்டு ஓடிடும்.

பாசி, பெரணி ரெண்டுக்கும் பூ கிடையாது, விதை கிடையாது. ஆண் செல் நீந்திப் போய்த்தான் முட்டையைச் சேரணும். அதுக்கு ஒரு மெல்லிசான தண்ணிப் படலம் வேணும். அது காஞ்சுபோனா அடுத்த தலைமுறை இல்லை.

நான் இதையெல்லாம் யோசிச்சுட்டு நிக்கறப்போ, தம்பி பைக் சாவியால பாசியைச் சுரண்டி அவன் பேர்ல முதல் எழுத்தைப் போட்டுட்டான்.

"டேய், வேணாம்டா."

"ஏண்ணா, நீயும் எழுதினதா சொன்னியே?"

ஆமா. பிளஸ் டூ படிக்கும்போது நானும் எழுதினேன், ஒரு ரூபாய்க் காசால. இந்த மாதிரி ஒரு பச்சை பாறையில படர எத்தனையோ வருஷம் ஆகும். நான் சுரண்ட ஒரு நிமிஷம்கூட ஆகலை. அதை அவன்கிட்ட அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான்.

நம்ம ஊர் கமண்டல நாகநதி பிறக்கறதும் இதே மலையிலதான். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, ஈரப் பாறைகிட்ட ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. கை மட்டும் வைக்காதீங்க.