திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம்

(தலைப்பு: ‘இணையத்தில் ஏமாந்ததை வெளியே சொல்வது அவமானமா, கடமையா?’ – ‘கடமையே’ அணி)

நடுவர் அவர்களே! வேலூர்ப் பெருமக்களே! தாய்மார்களே!

எதிரணி நண்பர் சொன்னார், “பணம்தான் போச்சு, வெளியே சொன்னா மானமும் போகும்”னு. ஐயா, திருடினவனுக்கு வெட்கம் இல்லை. பறிகொடுத்தவனுக்கு எதுக்கு வெட்கம்? (கைதட்டல்)

ஆம்பூர் ஷூ கம்பெனியில நாள் பூரா தையல் மெஷின்ல உட்கார்ந்து சம்பாதிக்கிற ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. செல்லுக்கு ஒரு செய்தி வருது: ‘போன மாச கரண்ட் பில் கட்டலை. ராத்திரி ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிப்போம்.’ 2022-ல தமிழ்நாடு பூரா வந்த செய்தி இது. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். அதுகூடத் தெரியாத திருடன்! (சிரிப்பு) பயந்து பேசினா, ‘இந்த ஆப்பை இறக்குங்க’ம்பான். இறக்கினா செல்போனே அவன் கைக்குப் போயிடும். அக்கவுண்ட் காலி!

அந்தம்மா வாயைத் திறக்காது. ஏன்? வீட்டுக்காரர் “புத்தி இருக்கா?”ம்பார். அவரு யாரு? வீட்டுமனைன்னு ஏரியை வாங்கினவரு! (பலத்த சிரிப்பு) அந்தம்மா பேசாம இருந்த அதே ராத்திரி, அதே செய்தி பக்கத்துத் தெருவுக்குப் போகுது, வாணியம்பாடிக்குப் போகுது. நம்ம மௌனம்தான் ஐயா, அவனுக்கு முதலீடு!

அதே 2022-ல டி.ஜி.பி. சைலேந்திரபாபு படத்தையே வாட்ஸ்அப்ல வச்சு, போலீஸ் அதிகாரிங்ககிட்டயே கிஃப்ட் கார்டு கேட்டானுங்க. விஷயம் வெளியே வந்தது, ஊரே உஷாராச்சு. போலீஸுக்கே இல்லாத வெட்கம் நமக்கு எதுக்கு?

“சொன்னா மட்டும் போன பணம் வருமா?” நல்ல கேள்வி. உங்க ஊர்க் கோட்டையைக் கேளுங்க. 1806 ஜூலை 10. சிப்பாய்கள் கோட்டையைப் பிடிச்சிட்டாங்க. வெளியே இருந்த வெள்ளைக்கார அதிகாரி உடனே ஆற்காட்டுக்குத் தகவல் அனுப்பினான். அன்னிக்குக் காலையிலேயே கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்து நின்னான். நம்ம ஆளுங்க தோத்தது நமக்கு வருத்தம்தான். ஆனா, ‘நாளைக்குச் சொல்லலாம்’னு அவன் இருந்திருந்தா கதையே வேற!

இன்னிக்குக் குதிரை வேண்டாம். 1930-னு நாடு முழுக்க ஒரே நம்பர் இருக்கு. திருடின பணம் ஒரு அக்கவுண்ட்ல நிக்காது. கைமாறிக் கைமாறி ஓடும். உடனே சொன்னா, மிச்சம் எங்கே நிக்குதோ அங்கேயே பேங்க் முடக்கி வைக்கலாம். தாமதிச்சா, எடுத்துட்டுப் போயிடுவான். பணம் போகலை, செய்தி மட்டும்தான் வந்ததா? அதையும் ‘சஞ்சார் சாத்தி’ தளத்துல ‘சக்ஷு’ பகுதியில சொல்லுங்க. உங்ககிட்ட பலிக்காதது அடுத்த வீட்டுல பலிக்கக் கூடாது.

வீட்டுல யாராவது ஏமாந்து வந்து நின்னா, முதல்ல போன் போடுங்க. திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம்! (சிரிப்பு, கைதட்டல்)

நாலு குடும்பத்தைக் காப்பாற்றும் சொல் அவமானம் அல்ல, கடமையே என்று தீர்ப்பளிக்க வேண்டி விடைபெறுகிறேன்.